பிரம்மசக்தியின் பயம்

பிரிட்டோவுக்கு வலது தோள் வலித்தது. மூட்டை சுமந்த காலமெல்லாம் வலிக்காத தோள், பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலித்தது. இருபது வருஷத்துக்கு மேல் உப்பும் பருப்பும் முந்திரிக்கொட்டையும் ஏறி இறங்கிய தோள். சட்டையைக் கழற்றினால் அந்த இடத்தில் தோல் தடித்து, வண்டி மாட்டின் கழுத்துக் காய்ப்பு மாதிரி இருக்கும். வகுப்பறையின் ஏசிக் குளிர் அந்தக் காய்ப்புக்குள் இறங்கி எலும்பைக் குடைந்தது.

"திங்கக்கிழமைக்குள்ள எந்தப் பிரிவுன்னு முடிவு பண்ணிடுங்க," என்றார் டாக்டர் ஷர்மிளா. "பண்ணினா பண்ணினதுதான். அப்புறம் மாத்த முடியாது."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தூத்துக்குடித் துறைமுகத்துப் பழைய லோடுமேன்கள். துறைமுகத்தில் இப்போது மனிதன் தூக்குவதற்கு ஒன்றும் கிடையாது. கிரேனும் லாரியும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு சரக்கை ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. வேலை போனவர்களுக்கு அரசாங்கம் ஒரு படிப்பு கொடுத்தது. மனநல ஆலோசகர் படிப்பு. முதல் நாள் இதைக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. சிரிப்பை ஆரம்பித்து வைத்தவன் மாசானம், பிரிட்டோவோடு ஒரே கேங்கில் மூட்டை தூக்கியவன்.

"டாக்டரம்மா, பேசுறதுக்குத்தான் மெசினு இருக்கே. எங்க வாயத் தொறந்தா கெட்ட வார்த்தையில்லா வரும்?"

"மெஷின் நம்ம எல்லாரையும் விட நல்லாப் பேசும் மாசானம். ஆனா அதுக்கு வலிக்காதுன்னு வர்றவங்களுக்குத் தெரியும். வலிக்காததுகிட்ட போயி யாரு அழுவா? அதுக்கு ஒரு உடம்பு வேணும். உங்ககிட்ட அது இருக்கு."

"கடைசியில இங்கயும் உடம்பத்தான் கேக்காவ," என்றான் மாசானம். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். பிரிட்டோவும் சிரித்தான்.

அந்த உடம்பில் மாட்டுவதற்குத்தான் பட்டை. நெற்றியில் கட்டிக்கொள்கிற, துணி மாதிரி மெல்லிசான சாமான். ஆலோசகருக்கு ஒன்று, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று. கட்டிய கொஞ்ச நேரத்தில் எதிராளி நெஞ்சில் இருப்பது இவன் நெஞ்சிலும் தெரியும். பத்தில் ஒரு பங்கு மட்டும். பாயசத்துக்கு இனிப்புப் போதுமா என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற மாதிரி.

பட்டை கட்டிப் பழகினால் மட்டும் போதாது. அதற்குமேல் ஊசி உண்டு. நரம்பை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிற ஊசி. குழந்தைகள் பிரிவை எடுத்தால் குழந்தைகளின் மனசு, துக்கப் பிரிவை எடுத்தால் சாவைக் கண்டவர்களின் மனசு, போதைப் பிரிவு, வேலையிடத்துப் பயம் என்று நாலு பிரிவு. எதை எடுக்கிறானோ அது பிறகு பட்டை இல்லாமலே தெரியும். பஸ்ஸில் போனாலும் தெரியும், கறிக்கடையில் நின்றாலும் தெரியும். மற்ற உணர்ச்சியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போகும்.

"அப்ப நீங்க எதும்மா எடுத்திய?" என்று ஒருநாள் பிரிட்டோ கேட்டான்.

"துக்கம்," என்றார் ஷர்மிளா. கொஞ்சநேரம் பட்டையை மடித்து மடித்து வைத்தார். "என் பொண்ணு கல்யாணத்தப்ப மண்டபம் முழுக்க ஆளு. அதுல யாரு யாரைப் பறிகொடுத்திருக்காங்கன்னு ஒவ்வொருத்தரா எனக்குத் தெரிஞ்சுது. மத்தபடி மேளம் அடிச்சதும் தெரியல, பொண்ணு சிரிச்சதும் தெரியல. போட்டோவுல பார்த்துத்தான் சிரிச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டேன். யோசிச்சு எடுங்க பிரிட்டோ."

மாசானம் யோசிக்கவே இல்லை. "துக்கம்தான். செத்த வீடு இல்லாத ஊரு உண்டா? இந்த வேலையாவது நம்மள விட்டுப் போகாதுல்லா."

பிரிட்டோவுக்கு எதை எடுக்கவேண்டும் என்பதை அவன் மனைவி சகாயம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். குழந்தைகள் பிரிவு. பள்ளிக்கூடத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகலாம். வீட்டில் ஜெசிந்தா இருக்கிறாள், ஒன்பது வயது. "நாள் பூரா புள்ளைவ கூட இருந்துட்டு வீட்டுக்கு வந்தா, நம்ம புள்ள மனசும் உங்களுக்குத் தெரியும். வேற என்ன வேணும்?" என்றாள். அவனுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

முடிவு சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது விதி. மூன்று பிரிவு முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது வேலையிடத்துப் பயம்.

*

அவள் பெயர் பிரம்மசக்தி. முப்பது வயது இருக்கும். திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிற மீன் கம்பெனியில் குளிர்கிடங்கு வேலை. மீனை உறைய வைக்கிற குழாய்களில் ஓடுவது அமோனியா. அங்கேயும் பெரும்பாலான வேலையை மெசின் செய்துவிடுகிறது. மெசினைக் கொண்டு செய்தால் செலவாகும் என்கிற வேலைக்கு மட்டும் ஆள் வைத்திருக்கிறார்கள்.

"பக்கத்துல நின்னவ, கமலி, அப்படியே விழுந்தா அண்ணாச்சி," என்றாள். பட்டை கட்டிய நெற்றி வேர்த்திருந்தது. "குழாய் வெடிச்சுது. அவ மூஞ்சிய நான் பாத்தேன். அதுக்குப் பெறவு லேசா நெடி அடிச்சாலே எனக்குக் கை தன்னால அபாய மணியப் போயி அடிச்சிருது. மணி அடிச்சா லைன் நிக்கும். எத்தனையோ தடவ நின்னுட்டு, போன வாரம் மேனேசரு சொல்லிட்டாரு. இங்க வந்து சரிபண்ணிட்டு வா, இல்லன்னா வராதன்னு."

"ஒவ்வொரு தடவையும் கசிவு இருந்துச்சா?"

"இருந்துச்சு. லேசாத்தான். அவங்க கருவி அதெல்லாம் கணக்குலயே எடுக்காது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஷர்மிளா, பிரிட்டோ காதில் மாட்டியிருந்த கருவி வழியாகச் சொன்னார்: "நல்லாப் பண்றீங்க. தொட்டுப் பாருங்க. தூக்கிடாதீங்க."

பிரிட்டோ தொட்டுப் பார்த்தான். முதலில் வயிற்றுக்குள் ஐஸ் கட்டி இறங்கிய மாதிரி இருந்தது. பிறகு மூக்குக்குள் ஊசி. பிறகு ஒரு பெண்ணின் முகம், வாய் திறந்து, கண் வெளுத்து. பத்தில் ஒரு பங்கே இப்படி என்றால் மீதியை இவள் எப்படிச் சுமக்கிறாள் என்று நினைத்தான்.

பிரம்மசக்தி பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் முழங்கால் ஆடத் தொடங்கியது.

துறைமுகத்தில் ஒரு முறை உண்டு. மூட்டை அடுக்கிய அட்டிமேல் பலகை வழியாக ஏறும்போது முன்னால் போகிறவன் முழங்கால் ஆடினால், பின்னால் வருகிறவன் எதுவும் கேட்கக்கூடாது. என்னடே, முடியலியா என்று கேட்கிற நேரத்தில் ஆள் சரிந்துவிடுவான், மேலே மூட்டை விழுந்து கழுத்து முறிந்துபோகும். தன் மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு அவன் மூட்டைக்குத் தோள் கொடுக்கவேண்டும். யோசனை கிடையாது. கொடுத்தவன் பெரிய மனுசனும் இல்லை, வாங்கிக்கொண்டவன் சின்ன மனுசனும் இல்லை. அவன் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கி எழுந்ததும் அந்த மூட்டை அவன் தோளுக்கே திரும்பிப் போகும். அது அவன் மூட்டை. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கணக்கில் இறக்குகிறவனை எந்தக் கேங்கிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிரிட்டோ அந்த முழங்காலைப் பார்த்தான். அவ்வளவுதான். அவன் உடம்பு குனிந்தது. நாற்காலியில் இருந்தபடியே வலது தோள் தாழ்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று விலகி இடம் கொடுத்தது.

மொத்தமும் வந்து இறங்கியது.

அவன் கத்தினானா என்று அவனுக்கு நினைவில்லை. ஷர்மிளா ஓடிவந்து பட்டையைப் பிடுங்கினார். தரையில் கிடந்தான். வாயில் உப்புக் கரித்தது, நாக்கைக் கடித்திருந்தான்.

பிரம்மசக்தி அவனைக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி இருந்தது. "அண்ணாச்சிக்கு என்னாச்சு?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள், "எனக்குப் பசிக்கி," என்றாள். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டுச் சிரித்தாள்.

*

"இப்படி நடக்கவே முடியாது," என்றார் ஷர்மிளா. தண்ணீர் டம்ளரை அவன் கையில் கொடுத்தார். "பட்டை பத்துல ஒரு பங்குதான் குடுக்கும். மிச்சத்தை இந்தப் பக்கம் இருக்கிறவங்களாக் கேட்டு வாங்கினா ஒழிய வராது. யாருமே வாங்கினது இல்லை. அடுத்தவங்க பயம் கிட்ட வந்தாலே மனசு தானாப் பின்னால போயிடும். அந்தப் பின்வாங்கலை நம்பித்தான் இதைச் செஞ்சே வச்சிருக்காங்க."

"நாங்க பின்னால போக மாட்டோம்மா. போனா முன்னால உள்ளவன் செத்துருவான்."

ஷர்மிளா எழுந்து கதவைச் சாத்தினார். "இதை வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார். ஆனால் அந்த அறையில் நடப்பதையெல்லாம் மீன் கம்பெனிக்காரன் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆளைச் சிகிச்சைக்கு அனுப்புகிற கம்பெனிக்கு அந்த உரிமை உண்டு.

வீட்டில் பிரிட்டோவால் ஃப்ரிட்ஜ் பக்கம் போக முடியவில்லை. அது உறுமும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஜெசிந்தாவின் தலையில் தேய்த்த ஷாம்பு மூக்கைக் குத்தியது. பினாயில் பாட்டிலை சகாயம் திறந்தபோது, மகளைத் தூக்கிக்கொண்டு கைலியோடு தெருவுக்கு ஓடினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கமலி என்று அவன் கண்டிராத ஒருத்தியின் முகம், சோற்றுத் தட்டில், கண்ணாடியில், மகள் தூங்கும் தலையணையில்.

"அவ வீட்டுல இப்ப நல்லாத் தூங்குவா," என்றாள் சகாயம். "இங்க நாம முழிச்சிக்கிட்டுக் கெடக்கோம். உங்கள யாரு இதச் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்ப திருப்பிக் குடுத்துட்டு வாங்க. அது அவ சாமான்."

அதைத்தான் பிரிட்டோவும் நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஷர்மிளாவிடம் கேட்டான்.

"வாங்குறதுக்கு பட்டை போதும். குடுக்கிறதுக்கு ஊசி போட்ட நரம்பு வேணும். அதுவும் அந்தப் பிரிவு ஊசி. நீங்க குழந்தைகள் பிரிவு எடுத்தா இது உங்களோடயே இருக்கும். பழகிக்கலாம், கொஞ்சம் மங்கும். பயப் பிரிவு எடுத்தா திருப்பிக் குடுக்கலாம், அவங்க இடம் குடுத்தா. ஆனா அதுக்கப்புறம் ஆயுசுக்கும் ஊர்ல உள்ளவங்க பயமெல்லாம் உங்க காதுல விழும். வேற எதுவும் விழாது."

"குடுக்கலன்னா அவளுக்கு என்ன ஆகும்?"

"தெரியல. பயமே இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை."

திங்கட்கிழமை காலையில் சகாயம் வாசலை மறித்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். "நான் சொன்னது, போயி அவளப் பாத்துக் குடுத்துட்டு வாங்கன்னு. இதுக்காக நீங்க அந்த ஊசியப் போட்டா, நம்ம புள்ள சிரிக்கது உங்களுக்குத் தெரியாமப் போயிரும். அது தெரியுதா உங்களுக்கு?"

"அவ சாமான்னு நீதானே சொன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! கட்டினவ சொல்லுதத எல்லாம் இப்படித்தான் கேட்டியளா இவ்வளவு நாளும்?"

அவன் செருப்பை மாட்டினான். பயிற்சி மையத்துக்குப் போய் வேலையிடத்துப் பயம் என்று சொல்லிவிட்டுப் பதிவுக் கருவியில் விரலை வைத்தான்.

*

மூன்று வாரம் மையத்திலேயே தங்கி ஊசி போட்டு முடித்து வீட்டுக்கு வந்த அன்று ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட பாட்டைப் பாடிக் காட்டினாள். கையை ஆட்டி ஆட்டிப் பாடினாள். பாட்டில் ஒரு துளிகூட அவனுக்கு எட்டவில்லை. அப்பா நடுவில் எழுந்து தெருவுக்கு ஓடிவிடுவாரோ என்று பிள்ளை நெஞ்சில் ஒரு ஓரமாக நடுங்கிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. "நல்லாருக்கு மக்கா," என்றான். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் மீன் கம்பெனிக்குப் போனான். கேட்டை நெருங்கும்போதே கால் கனத்தது. அந்த இடம் முன்பு பிரம்மசக்திக்கு எவ்வளவு பயமோ, இப்போது அவனுக்கும் அவ்வளவு பயம். வெள்ளைக் கட்டடமும், அதன் முதுகில் ஏறியிருந்த குழாய்களும் கண்ணில் பட்டதும் கழுத்து வேர்த்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடை. அதன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பெஞ்சின் அந்த முனையில் ஒருவன் டீக்கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீ அவன் மடியில் சிந்திக்கொண்டிருந்தது. பிரிட்டோவுக்கு முகத்தைப் பார்க்கும் முன்பே அந்த ஆளின் பயம் அறைந்தது. ஒரு பயம் இல்லை, ஒரு கூட்டத்தின் பயம். சந்தையில் இரைச்சல் கேட்கிற மாதிரி.

மாசானம்.

"ஏல, நீ துக்கத்துக்கு எழுதிக் குடுத்தவம்லா?"

"குடுத்தேன்." மாசானம் தலை தூக்கவில்லை. கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். "ஊசிக்கு முந்துன நாளு இந்தக் கம்பெனிக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க. ஊசியே வேண்டாம், பட்டை போதும், உங்க ஆளு ஒருத்தரு செஞ்சாராமே, அதே மாதிரிச் செய்யின்னாங்க. நம்ம கேங்குல பாதிப்பேரு இப்ப இதே வேலைக்கு இங்கதான் இருக்கான். ஒருத்தன் முழங்கால் ஆடினாக் குனியாம இருக்க முடியுமாடே நம்மளால? குனிஞ்சுட்டேன். இங்க வேலை பாக்குறவன ஒவ்வொருத்தனா எதுக்க உக்கார வச்சானுவ. குனிஞ்சுக்கிட்டே இருந்துட்டேன்."

பிரிட்டோ குனிந்ததைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் இதைக் கற்றிருக்கிறார்கள்.

சங்கு ஊதியது. ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். வேலை செய்துவிட்டு வருகிற எந்தக் கூட்டத்திலும் ஏதாவது ஒரு பயம் இருக்கும். சூப்பர்வைசர் திட்டுவான் என்று, பஸ் போயிருக்கும் என்று, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்குமா என்று. பிரிட்டோ கவனித்துக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள், கூட்டத்திலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. ரோட்டில் லாரி வருவதைப் பார்த்துக்கொண்டே குறுக்கே நடந்தார்கள். லாரி தானாக நின்றது.

"அண்ணாச்சி!"

பிரம்மசக்தி. சதை பிடித்திருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. இடது கையில் மணிக்கட்டு வரை தோல் உரிந்து, மருந்துகூடப் போடாமல் பளபளத்தது. பேசுவதற்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"கை என்னாச்சும்மா?"

"குழாயில பட்டுட்டு. ஒண்ணுமில்ல." பையிலிருந்து முறுக்கை எடுத்து ஒன்றை அவனிடம் நீட்டினாள். "என்னய இப்பம் அமோனியா ஏத்துத கம்ப்ரசர் ரூமுக்கு மாத்திட்டாங்க. நான்தான் அதுக்குச் சரியான ஆளாம்."

"நான் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்," என்றான் பிரிட்டோ. பட்டை இரண்டையும் மடியிலிருந்து எடுத்தான். "உன் பயம். அது எங்கிட்ட இருக்கு. முழுசா அப்படியே இருக்கு. நீ இந்தா இப்படி உக்காந்து இடம் குடுத்தாப் போதும்."

அவள் பட்டையைப் பார்த்தாள். முறுக்கை மென்றபடியே யோசித்தாள். "அது இருந்தப்ப நான் சோறு தின்னதே இல்ல அண்ணாச்சி. என் மவன் கிட்ட வந்தா உதறுவேன். இப்பம் என்மேல கால் போட்டுத் தூங்குதான். வேலையும் போகல. எனக்கெதுக்கு அது? நீங்களே வச்சிக்கிடுங்க."

"நான் வச்சிக்கிட முடியாதும்மா. அது உன்னோடது. நீ செத்துப் போயிருவ."

"செத்தா செத்துட்டுப் போறேன்," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைகிறேன் என்கிற மாதிரிச் சொன்னாள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த நெடி அடித்தது. ஃப்ரிட்ஜ் அருகில் அடித்தது போல் இல்லை, பினாயில் போல் இல்லை. நிஜம். கட்டடத்தின் பக்கமிருந்து காற்றோடு வந்தது. அவன் உடம்பு மயிரெல்லாம் எழுந்து நின்றது. பெஞ்சில் மாசானம் கிளாசைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான்.

பிரம்மசக்தியும் மூக்கை உறிஞ்சினாள். "ஆமா, மூணாவது வால்வு. மத்தியானமே கசிஞ்சுது. இப்பம் பெருசாயிட்டு போலுக்கு. போயி இறுக்கிட்டு வந்துருதேன், இருங்க. இந்த முறுக்கப் பிடிங்க."

"போகாத! ஏ புள்ள, போகாத!"

அவள் கேட்டுக்குள் நடந்தாள். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த குடையை எடுக்கப் போகிறவள் மாதிரி நடந்தாள். முகத்தில் துணிகூடக் கட்டவில்லை.

பிரிட்டோ எழுந்தான். பின்னால் ஓடி அவள் கையைப் பிடித்து இழுக்கவேண்டும். எத்தனையோ முறை சரிகிற ஆளுக்குக் கீழே தோளைக் கொடுத்தவன். கேட்டு வரைக்கும் கால் வந்தது. அதற்குமேல் வரவில்லை. முழங்கால் ஆடியது. உள்ளே போனால் கமலி, வாய் திறந்து, கண் வெளுத்து. பிரம்மசக்தியின் பயம் அவனைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. முக்கித் தள்ளினான். ஒரு அடிகூட நகரவில்லை.

கேட்டு ஓரத்தில் சுவரில் சிவப்பாக ஒரு பெட்டி தெரிந்தது. அதைப் பார்த்ததும் கை தன்னால் போனது. எங்கே இருக்கிறது, எப்படி அடிக்கவேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. மூடியைத் திறந்து குத்தினான். திரும்பவும் குத்தினான். சத்தம் வரவில்லை.

செக்யூரிட்டிக்காரர் நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். அவர் நெஞ்சிலும் பயம் ஒன்றும் இல்லை. "அந்த மணியக் கழத்திட்டாங்க தம்பி. யாருமே அடிக்கதில்ல, சும்மா என்னத்துக்கு கரண்டு?"

வெள்ளைப் புகை கட்டடத்தின் கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாக வெளியே வந்தது. ரோட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். பிரிட்டோ ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் முறுக்கை வைத்துக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்து நின்றான். கதவு திறக்கவில்லை.

வாங்கின மூட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் அவன் இதுவரைக்கும் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. பிரம்மசக்திக்கு அவன் தரவேண்டியது இன்னும் அவனிடமே இருக்கிறது. அவளுடைய பயம்.